வீட்டிலேயே படிக்கட்டும்... ஆனால் தனியாக வேண்டாம்!

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பஸ்ஸில் 70 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுகளை எண்ண ஆரம்பித்தால் தலை சுற்றும். பக்கத்தில் இருப்பவரோடு பேசிக் கொண்டே வந்தால் மலை ஏறியதே தெரியாது. அதனால் இந்த பஸ்ஸில் யாரும் யாருக்கும் அந்நியர் இல்லை.

அப்படி ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டார்: "பையன் எந்த இஸ்கூலும்மா?"

"இஸ்கூல் இல்லீங்க. வீட்டுலயே நானே சொல்லிக் குடுக்கறேன்" என்றேன் பெருமையாக.

அவர் என் மகனைப் பார்த்தார். அவன் என் முந்தானையைப் பிடித்துக் கொண்டு முகத்தை மறைத்துக் கொண்டான். "படிப்பு சரி. பேச்சுத் தொணைக்கு யாரு?" என்று கேட்டு விட்டு, அவர் பையிலிருந்து ஒரு கொய்யாப் பழத்தை எடுத்து நீட்டினார். அவன் வாங்கவில்லை. நான் வாங்கி அவன் கையில் கொடுத்தேன்.

அந்தக் கேள்வி எனக்கு அப்போது கோபத்தைத்தான் உண்டாக்கியது. அது எவ்வளவு சரியான கேள்வி என்று புரிய எனக்கு இன்னும் ஒன்றரை வருஷம் ஆயிற்று. அந்தக் கதையைத்தான் சகோதரிகளே, இங்கே எழுதுகிறேன். "நம் குழந்தையை வீட்டிலேயே படிக்க வைத்தால் என்ன?" என்று யோசிக்கிற தாய்மார்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு என் அனுபவம் உபயோகப்படலாம்.

மலைக்கு வந்தோம்

கொல்லிமலையை 14 நாடுகளாகப் பிரித்துச் சொல்வார்கள். அதில் குண்டனி நாடும் ஒன்று. 2019-ல் என் கணவருக்கு மலைக்கு மாற்றல் ஆனபோது இங்கே வந்து குடியேறினோம். மூத்தவனுக்கு அப்போது ஐந்து வயது. அவனை நாங்கள் "தம்பி" என்றுதான் கூப்பிடுவோம். இளையவள் பாப்பா, ஒரு வயதுக் கைக்குழந்தை.

தம்பியைக் கீழ்நாட்டில் ஒரு நர்சரியில் ஒரு வருஷம் போட்டிருந்தோம். அவனுக்கு இடக்கைப் பழக்கம். இடக்கையால் எழுதினால் விரலில் ஸ்கேலால் ஒரு தட்டு. தினமும் காலையில் வயிற்று வலி என்று அழுவான். டாக்டரிடம் காட்டினோம். "வயித்துல ஒண்ணுமில்லை, பயம்தான்" என்றார். இடக்கைப் பழக்கம் குறை அல்ல, அதை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று எனக்குத் தெரியும். நான் பி.எஸ்ஸி., பி.எட். படித்தவள். "நம்ம பையனுக்கு நாமே சொல்லிக் குடுத்தா என்ன?" என்று தோன்றிவிட்டது.

மலைக்கு வந்த சில மாதங்களில் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 1 முதல் 8-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதிதான். அதாவது, ஊர் முழுக்க ஒன்றரை வருஷத்துக்கும் மேல் வீட்டுப் படிப்புதான்! கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வரும். செல்போனில் வகுப்பு என்றால், சிக்னல் கிடைக்கும் பாறையைத் தேடிப் போக வேண்டும்.

மற்றப் பிள்ளைகள் ஆட்டின் பின்னாலும் மாட்டின் பின்னாலும் திரிந்தபோது, தம்பி சமையலறை மேஜையில் உட்கார்ந்து பெருக்கல் வாய்ப்பாடு சொன்னான். தமிழ், இங்கிலீஷ் இரண்டும் தடையில்லாமல் படித்தான். பள்ளி திறந்தபோது இரண்டாம் வகுப்பு வயதில் நான்காம் வகுப்புப் பாடம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. "இவனை ஏன் அனுப்பணும்?" என்று நான் அனுப்பவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அதில் பாதி அவனுடைய நன்மைக்காக. மீதிப் பாதி என் பெருமைக்காக.

ஐம்பது அடி தூரம்

2022-ல் ஐப்பசி மாதம். காலையிலிருந்தே மூட்டம். எதிரே நிற்கிற சில்வர் ஓக் மரமும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று நான் உள்ளே இருந்தேன். தம்பி பந்து உருண்டு போயிற்று என்று மேட்டுப் பக்கம் போனவன் வெகு நேரம் வரவில்லை. நான் வாசலுக்கு வந்து கத்திக் கூப்பிட்டேன். பதில் இல்லை.

அரை மணி நேரம் கழித்து, வேலி ஓரமாக அவன் ஒற்றைக் காலில் தாண்டித் தாண்டி வந்தான். உள்ளங்காலில் உடைந்த பாட்டில் கிழித்து, வழியெல்லாம் ரத்தம். கழுவிப் பார்த்தால் ஆழமான காயம். ஜீப் பிடித்து செம்மேட்டுக்குக் கொண்டு போய்த் தையல் போட்டு, ஊசியும் போட்டுக் கொண்டு வந்தோம்.

ராத்திரி அவன் தூங்கப் போகிற நேரம், மெதுவாகக் கேட்டேன். "அடிபட்ட இடத்துக்குப் பக்கத்துலயே ஆயா வீடு இருக்கே. ஐம்பது அடி கூட இல்லை. ஏன்டா தம்பி கூப்பிடல?"

அவன் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"அவங்களை எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியலம்மா. நான் பேசினதே இல்லையே."

மூன்று வருஷமாக எங்கள் பக்கத்து வீடு! அந்த ஆயா எனக்குச் சாமையும் பலாப்பழமும் கொடுத்திருக்கிறார். நான் அவருக்கு மருந்துச் சீட்டு படித்துச் சொல்லியிருக்கிறேன். பாப்பா அவர் மடியில் உட்கார்ந்து கேழ்வரகுக் களி தின்றிருக்கிறாள். ஆனால் அந்த நேரமெல்லாம் தம்பி உள்ளே மேஜையில் கணக்குப் போட்டுக் கொண்டிருந்தான். நான்தான் உட்கார வைத்திருந்தேன்.

மறுநாள் விஷயம் தெரிந்து ஆயா ஓடி வந்தார். அவன் காலைத் தடவிக் கொடுத்து விட்டு என்னிடம் சொன்னார்: "ஒத்த ஆட்டைக் கட்டிப் போட்டா எம்புட்டுத் தழை போட்டாலும் மேயாது கண்ணு. கத்திக்கிட்டேதான் கெடக்கும். கூட ரெண்டு இருந்தாத்தான் மேயும்."

நான் பதில் பேசவில்லை.

கோலிக் குண்டில் இருக்கிற பாடம்

அதற்குப் பிறகுதான் பி.எட். காலத்துக் குறிப்புகளைத் தூசி தட்டி எடுத்தேன். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த விஷயங்கள் எல்லாம், தாயாகப் படிக்கும்போது வேறு மாதிரி இருந்தன.

மில்ட்ரெட் பார்ட்டன் என்ற அமெரிக்கப் பெண்மணி, நர்சரிப் பிள்ளைகள் விளையாடுவதைப் பொறுமையாகக் கவனித்து 1932-ல் எழுதினார். குழந்தை முதலில் தனியே விளையாடும். பிறகு மற்றவர்கள் விளையாடுவதை வேடிக்கை பார்க்கும். பிறகு இன்னொரு குழந்தையின் பக்கத்தில் உட்கார்ந்து தன் விளையாட்டைத் தான் விளையாடும். அப்புறம் சாமானைக் கொடுத்து வாங்கும். கடைசியில்தான் "நீ டீச்சர், நான் பிள்ளை" என்று வேலையைப் பங்கு போட்டுக் கொண்டு சேர்ந்து விளையாடும். எட்டு வயது தம்பி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக் கொண்டு வேடிக்கை பார்க்கிற இரண்டாவது கட்டத்திலேயே நின்று விட்டான் என்பது எனக்கு உறைத்தது.

அதே 1932-ல் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ழான் பியாஜே, குழந்தைகளுக்கு நியாய உணர்ச்சி எப்படி வளர்கிறது என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். அதற்காக அவர் எங்கே போய் உட்கார்ந்தார் தெரியுமா? கோலி விளையாடுகிற பையன்களிடம்! சின்னப் பிள்ளைகள், விளையாட்டு விதியை யாரோ பெரியவர்கள் போட்டது, மாற்றவே முடியாது என்று நினைக்கிறார்கள். பத்து வயதை ஒட்டி வளர்ந்த பிறகு, "எல்லாரும் ஒத்துக்கிட்டா மாத்திக்கலாம்" என்று புரிந்து கொள்கிறார்கள். இந்தப் புத்தி பெரியவர்கள் சொல்லி வருவதில்லை. சம வயதுப் பிள்ளைகளோடு வாதாடி, சண்டை போட்டு, சமாதானமாகி வருவது. அம்மாவோடு விளையாடினால் இது வராது. ஏனென்றால் அம்மா விட்டுக் கொடுத்து விடுவாள்!

மாண்டிசோரி அம்மையாரின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர், உலக யுத்தம் காரணமாக இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொஞ்ச காலம் கோடைக்கானல் மலையிலும் இருந்தார். ஒரே வயதுப் பிள்ளைகளை மட்டும் சேர்த்து வைக்காமல், சிறிசும் பெரிசுமாகச் சேர்த்து வைக்க வேண்டும் என்பது அவருடைய முறை. சின்னது பெரியதைப் பார்த்துக் கற்கும். பெரியது சின்னதுக்குச் சொல்லிக் கொடுத்துத் தானும் தேறும். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இதை எந்தப் பயிற்சியும் இல்லாமல் தெருவில் செய்து கொண்டிருந்தார்கள்.

வாசலைத் திறந்தேன்

தமிழ்நாடு அரசின் "இல்லம் தேடிக் கல்வி" 2021 அக்டோபரில் தொடங்கியது ஞாபகம் இருக்கும். கொரோனாவால் விட்டுப் போன படிப்பை ஈடு கட்ட, மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் 1 முதல் 8-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். எங்கள் ஊரிலும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண் நடத்தி வந்தாள். "என் பையனுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று முன்பு நான் அலட்சியமாக இருந்தேன்.

இப்போது நானே அவளிடம் போனேன். "மழை நாள்ல உனக்கு இடம் கஷ்டமா இருக்குல்ல? எங்க திண்ணையில வெச்சுக்கோயேன். நானும் கூட மாட ஒத்தாசை பண்றேன்" என்றேன்.

"நெசமாவாக்கா?" என்றாள். மறுநாளே பதினாறு பிள்ளைகள் எங்கள் திண்ணையில்!

முதல் வாரம் எல்லாம் தப்பாகத்தான் நடந்தது. யாரைக் கேள்வி கேட்டாலும் தம்பி முந்திக் கொண்டு பதில் சொன்னான். "இது கூடத் தெரியலையா?" என்று வேறு சொன்னான். பிள்ளைகள் அவனை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். பாடம் முடிந்ததும் கோலி விளையாடப் போனார்கள். தம்பியும் போனான். தோற்றதும், தன் கோலிகளை மட்டுமல்ல, எல்லாக் கோலிகளையும் அள்ளிக் கொண்டு வந்து கதவைச் சாத்திக் கொண்டான்.

எனக்கு மானமே போயிற்று. எழுந்து போய் அவனை இழுத்து வரப் பார்த்தேன். அந்தத் தன்னார்வலப் பெண் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "விடுக்கா. அதுங்களே பாத்துக்கும்."

கூட்டத்தில் பத்து வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். எப்போதும் தம்பியை இடுப்பில் தூக்கிக் கொண்டே வருவாள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அவள் கதவருகே போய் நின்று, "டேய், கோலிய வெச்சுக்கிட்டு நீ ஒண்டியா என்ன பண்ணுவே? நாளைக்கு நீ மொதல்ல ஆடு. இப்ப குடு" என்றாள். அவ்வளவுதான். ஐந்து நிமிஷத்தில் கதவு திறந்தது. கோலிகள் வெளியே வந்தன. மறுநாள் அவள் வாக்குத் தவறவில்லை; அவனைத்தான் முதலில் ஆட விட்டாள்.

என்னுடைய பி.எட். பட்டம் அன்றைக்கு அந்தப் பெண்ணுக்கு முன்னால் கை கட்டி நின்றது. பிறகு நானும் ஒரு வேலை செய்தேன். அவளுக்கு வாசிப்புச் சொல்லிக் கொடுக்கும் பொறுப்பைத் தம்பியிடம் கொடுத்தேன். "அவசரப்படாம சொல்லணும், சிரிக்கக் கூடாது" என்பது ஒன்றே நிபந்தனை. பொங்கல் கழிந்து அவள் ஒரு கதையை நிறுத்தாமல் படித்த அன்று, அவளை விட அவனுக்குத்தான் சந்தோஷம். அவள் அவனுக்குப் பம்பரம் விடக் கற்றுக் கொடுத்தாள். இடக்கையால் விட்டான், யாரும் தட்டவில்லை.

2023 ஜூனில், "நானும் அவங்களோட இஸ்கூலுக்குப் போறேம்மா" என்று அவனே கேட்டான். அரசுப் பள்ளியில் வயதுக்கேற்ப நான்காம் வகுப்பில் சேர்த்துக் கொண்டார்கள். காலைச் சிற்றுண்டியின்போது வரிசையாக உட்கார்ந்து பக்கத்துப் பையனுக்குத் தட்டை நகர்த்தி வைக்கிறவனைப் பார்த்து விட்டு, நான் கண்ணைத் துடைத்துக் கொண்டு வீட்டுக்கு வந்தேன். இப்போது நடுநிலை வகுப்பில் படிக்கிறான். கூச்சம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அது அவன் சுபாவம். ஆனால் காலில் முள் குத்தினால் கூட ஊரைக் கூட்டி விடுகிறான்!

அப்படியானால் வீட்டுப் படிப்பு தப்பா?

அப்படி நான் சொல்ல மாட்டேன். தம்பி மாறியது பள்ளிக்குப் போன பிறகு அல்ல. திண்ணையில் பிள்ளைகள் சேர்ந்த அந்த எட்டு மாதங்களில். தப்பு வீட்டில் படித்ததில் இல்லை. வீட்டோடு நின்று விட்டதில்தான். பள்ளிக்குப் போயும் ஒரு சினேகிதன் இல்லாமல் ஒடுங்கிக் கிடக்கிற பிள்ளைகள் இல்லையா என்ன?

அமெரிக்காவில் 50 மாநிலங்களிலும் வீட்டுப் படிப்புக்குச் சட்டத்தில் இடமுண்டு. ஜெர்மனியில் அநேகமாக அனுமதியே இல்லை. வீட்டில் படித்த பிள்ளைகள் பழகும் விதத்தில் பின்தங்கவில்லை என்றுதான் அமெரிக்க ஆய்வுகள் பலவும் சொல்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலும் தாங்களாக முன்வந்த, அக்கறையுள்ள குடும்பங்கள்தான் கலந்து கொண்டன என்பதையும் மறக்கக் கூடாது.

நம் நாட்டுச் சட்டத்தையும் தெரிந்து கொள்ளுங்கள். 2009-ம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வி. குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அது சொல்கிறது. ஆனால் சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் அதில் குறிப்பிடவில்லை. வீட்டுப் படிப்பு என்று தனியாக ஒரு பிரிவும் கிடையாது. இடையில் பள்ளிக்குப் போக விரும்பினால், இது வரை பள்ளியே போகாத பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. இது நமக்கு நல்ல வசதி. பரீட்சை எழுத தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் இருக்கிறது. அதில் 3, 5, 8-ம் வகுப்புக்குச் சமமான மூன்று நிலைகளும், பிறகு பத்தாவது, பன்னிரண்டாவதும் உண்டு.

வீட்டில் படிக்க வைக்கிற தாய்மார்களுக்கு...

* தினமும் ஒரு மணி நேரமாவது மற்றப் பிள்ளைகளோடு, பெரியவர்கள் நடத்தாத விளையாட்டு வேண்டும். பாண்டி, கண்ணாமூச்சி, கபடி எதுவானாலும் சரி. டியூஷனும் பாட்டு வகுப்பும் இந்தக் கணக்கில் சேராது.

* பிள்ளைகள் சண்டையில் உடனே குறுக்கே போகாதீர்கள். கல்லை எடுத்தால் மட்டும் போங்கள்! மற்றபடி தொலைவில் இருந்து கவனியுங்கள். ஒரே பிள்ளையை எல்லோரும் சேர்ந்து தினமும் அழ வைத்தால், அது சண்டை அல்ல, கொடுமை; அதைப் பொறுக்கக் கூடாது.

* வயது வித்தியாசம் பார்க்காதீர்கள். சின்னதை மேய்க்கவும் பெரியதுக்கு அடங்கவும் இரண்டும் தெரிய வேண்டும்.

* கடைக்கு அனுப்புங்கள். "அரைக் கிலோ வெல்லம் குடுங்க, பாக்கி எவ்வளவு?" என்று அவனே கேட்கட்டும். நீங்கள் பின்னால் நில்லுங்கள். விருந்தாளிக்குத் தண்ணீர் கொடுப்பது அவன் வேலையாக இருக்கட்டும்.

* தோற்கப் பழக்குங்கள். வீட்டுத் தாயத்திலும் பல்லாங்குழியிலும் எப்போதும் விட்டுக் கொடுக்காதீர்கள்.

* ஆபத்து நேரத்தில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று பக்கத்து நாலு வீட்டுக்காரர்களையும் முறை சொல்லி அறிமுகம் செய்து வையுங்கள். யாரிடம் போகக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

* கூச்சம் நோய் அல்ல. ஆனால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது, கண்ணைப் பார்க்காமலே இருப்பது, பேசிய வார்த்தைகளை மறந்து பேச்சுக் குறைவது இவை இருந்தால், வளர்ப்பின் மேல் பழி போட்டுக் கொண்டு உட்காராமல் குழந்தை டாக்டரிடம் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இதற்காகவே மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன.

* கடைசியாக, நமக்கும் ஒன்று. பிள்ளையோடு நாள் முழுவதும் அடைந்து கிடந்தால் தாய்க்கும் பேச்சுத் துணை இல்லாமல் போகும். தம்பியின் கூட்டத்தால் எனக்கும் ஊரில் நாலு அக்காமார்கள் கிடைத்தார்கள்.

இதை எழுதிக் கொண்டிருக்கும்போதே வெளியே பெரிய சத்தம். யாரோ அழுகிறார்கள், யாரோ சிரிக்கிறார்கள். பாப்பா ஓடி வந்து, "அம்மா, அண்ணன் அலாப்பறான்!" என்று புகார் சொல்கிறாள். முன்பாக இருந்தால் பேனாவைப் போட்டு விட்டு ஓடியிருப்பேன்.

"போய் அவன்கிட்டயே கேளு" என்று சொல்லி அனுப்பி விட்டேன். கொஞ்ச நேரத்தில் சத்தம் அடங்கி விட்டது. மறுபடி ஆட ஆரம்பித்து விட்டார்கள் போலிருக்கிறது.